நகரப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாக முதுநிலைப் படிப்பு: எதற்கு, யாருக்கு, எப்படித் தேர்ந்தெடுப்பது

என் முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி இது: உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், பெருநகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொது நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் படிக்க விரும்புகிறார். அலுவலகமே கற்றுத் தராத எதை அந்தப் படிப்பு கற்றுத் தரும், பல்கலைக்கழகம் நகரத்துக்குள் இருப்பதால் படிப்புக்கு ஏதேனும் கூடுதல் பயன் உண்டா, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறார்.

படிப்பு பயனுள்ளதுதான் என்பதே என் பதில். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் முகவரி நகரத்தில் இருப்பதால் மட்டும் அது நகரத்தைக் கற்றுத் தந்துவிடாது. அந்த நகரத்தின் வரவு செலவும் குப்பை அள்ளுதலும் குடிநீர் வழங்கலும் வகுப்பறைக்குள் வருகின்றனவா, மாணவர்கள் அந்த அலுவலகங்களுக்குள் போகிறார்களா என்பதைப் பொறுத்தே படிப்பின் மதிப்பு அமைகிறது. இந்தத் துறை பிறந்த விதத்தைப் பார்த்தால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

நிர்வாகம் தனியாக ஆராயப்பட வேண்டிய துறை என்று, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் 1887-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டதிலிருந்து இத்துறையின் வரலாற்றைத் தொடங்குவது பாடநூல் வழக்கம். என் பார்வையில் அதைவிட முக்கியமான தொடக்கம் நியூயார்க்கில் நிகழ்ந்தது. 1906-இல் அங்கே வில்லியம் ஆலன், ஹென்றி ப்ரூயர், ஃபிரெட்ரிக் கிளீவ்லாந்து ஆகியோர் முன்னின்று தொடங்கிய நகராட்சி ஆய்வகம், அரசியல்வாதிகளைத் திட்டுவதில் காலம் கழிக்காமல், சாலை பழுதுபார்க்க ஒதுக்கிய பணம் எந்தச் சாலைக்குப் போனது, வாங்கிய பொருளுக்குச் சந்தை விலை என்ன, வேலைக்கு வந்ததாகக் கையெழுத்திட்டவர்கள் உண்மையில் வந்தார்களா என்று பதிவேடுகளையும் தெருக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மன்ஹாட்டன் பகுதியின் நிர்வாகத்தைப் பற்றி அது வெளியிட்ட கண்டுபிடிப்புகளைத் தொடர்ந்து நடந்த விசாரணையின் முடிவில், அந்தப் பகுதியின் தலைவரை மாநில ஆளுநர் பதவியிலிருந்து நீக்கினார். 1908 முதல் நகரத்தின் பட்ஜெட்டைப் பொதுமக்கள் நேரில் வந்து பார்க்கும்படியான கண்காட்சிகளும் நடந்தன.

இந்த வேலைக்கு ஆட்களைப் பழக்குவதற்காக அந்த ஆய்வகம் 1911-இல் பொதுப்பணிப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. பிறகு அது 1924-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் பள்ளிக்கு மாற்றப்பட்டது. பொது நிர்வாக முதுநிலைப் பட்டம் என்று இன்று நாம் அறிவது அங்கிருந்து கிளைத்ததே. ஆகவே இது முதலில் நகரத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து படித்தவர்களின் பயிற்சி. கோட்பாடுகள் அதன் மேல் பின்னர் எழுப்பப்பட்டவை.

கோட்பாடுகளும் பெரும்பாலும் நகரங்களிலிருந்தே வந்தன. 1935-இல் சிகாகோ பல்கலைக்கழக மாணவராக இருந்த ஹெர்பர்ட் சைமன், மில்வாக்கி நகரத்தின் விளையாட்டுத் திடல்கள் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன என்று ஆராயப் போனார். திடல்களைப் பராமரிப்பது பொதுப்பணித் துறை. அங்கே குழந்தைகளின் விளையாட்டை வழிநடத்துவது பள்ளி வாரியம். பணத்தைப் பராமரிப்புக்கும் வழிநடத்தலுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதில் இரு தரப்புக்கும் ஓயாத சச்சரவு. கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் எங்கே அதிகப் பயன் தருகிறதோ அங்கே போடுங்கள் என்று பொருளியல் பாடம் எளிதாகச் சொல்லிவிடும்; ஆனால் அந்த அலுவலர்களில் எவரும் அப்படி எண்ணவில்லை, எண்ணியிருந்தாலும் கணக்கிடத் தேவையான தகவல் அவர்களிடம் இல்லை. தமக்குத் தெரிந்ததை வைத்து, தம் துறையின் கண்ணோட்டத்தில், போதுமான ஒரு முடிவை எடுத்தார்கள். மனிதர்களின் பகுத்தறிவு வரம்புக்குட்பட்டது என்ற சைமனின் கருத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது. 1978-இல் அவர் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

அமெரிக்க அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரமின் கதையும் இத்தகையதே. இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய மாணவர்களும் 1970-ஆம் ஆண்டையொட்டி இந்தியானாபொலிஸ் பகுதியின் காவல் பணியை ஆராய்ந்தார்கள். சிறிய காவல் துறைகளை ஒன்றாக இணைத்துப் பெரிதாக்கினால் செலவு குறைந்து சேவை மேம்படும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. அவர்கள் ஒரே மாதிரியான குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, பெருநகரக் காவல் துறையின் கீழ் இருப்பவற்றையும் சிறு ஊர்களின் சொந்தக் காவல் துறையின் கீழ் இருப்பவற்றையும் ஒப்பிட்டு, வீடு வீடாகக் கேட்டறிந்தபோது, பல அளவுகோல்களில் சிறிய துறைகள் குறைவின்றி, சிலவற்றில் மேலாகவே செயல்பட்டது தெரியவந்தது. பிற்காலத்தில் பொதுவள மேலாண்மை ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற அவருடைய முறையின் பெரும்பகுதி இந்தக் கள வேலையில் உருவானது. அந்தத் தரவைத் திரட்டியதில் பட்ட மாணவர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவதாகக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படிப்பின் உயிர்நாடியான பாடம் அதில் இருக்கிறது. 1966-இல் அமெரிக்க மத்திய அரசின் பொருளாதார மேம்பாட்டு அமைப்பு, அந்த நகரத்தில் வேலையில்லாத சிறுபான்மையினருக்குச் சுமார் 3,000 வேலைகளை உருவாக்க 2.3 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. பணம் இருந்தது, எண்ணம் நல்லது, வெளிப்படையாக எதிர்த்தவர் யாரும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது செலவானது ஏறத்தாழ 30 லட்சம் டாலர் மட்டுமே. அதிலும் பெரும்பகுதி ஒரு மேம்பாலத்துக்கும் கட்டட வடிவமைப்பாளர் கட்டணத்துக்கும் போயிருந்தது. அருகிலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து ஜெஃப்ரி பிரஸ்மனும் ஆரோன் வில்டாவ்ஸ்கியும் இதை ஆராய்ந்து 1973-இல் நூலாக வெளியிட்டார்கள். வில்லன் என்று ஒருவரையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. திட்டம் நிறைவேற 70 இடங்களில் வெவ்வேறு தரப்புகளின் ஒப்புதல் தேவைப்பட்டது என்று எண்ணிக் காட்டினார்கள். ஒவ்வொரு ஒப்புதலும் கிடைக்க 99 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 70-ம் கிடைப்பதற்கான வாய்ப்பு 50 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அலுவலகத்தில் சில ஆண்டுகள் இருந்தவருக்கு இந்தக் கணக்கு எதைத் தருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கோப்பு ஏன் நகரவில்லை என்பதற்கு நாம் வழக்கமாகத் தேடும் காரணம் ஒரு மனிதர்: சோம்பேறி மேலாளர், கெட்ட எண்ணம் கொண்ட எழுத்தர், தலையிடும் உறுப்பினர். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் வேலை நின்றுபோகும்படி ஒரு நடைமுறையை வடிவமைக்க முடியும் என்பதையும், அப்படியானால் ஒப்புதல் படிகளைக் குறைத்து வடிவமைப்பதே நிர்வாகியின் முதல் வேலை என்பதையும் அலுவலகம் தானாகச் சொல்லித் தராது. பழகிய ஒன்றை வெளியே நின்று பார்க்கும் இந்தக் கண்ணே இந்தப் படிப்பிலிருந்து பெற வேண்டிய முதல் பொருள்.

இனிப் பாடங்களைப் பற்றி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நிறுவனக் கோட்பாடு, பணியாளர் மேலாண்மை, பொது நிதி, புள்ளியியல், கொள்கைப் பகுப்பாய்வு, நிர்வாகச் சட்டம், நெறிமுறை ஆகியவை கட்டாயமாக இருக்கும். நகரப் பல்கலைக்கழகங்களில் உள்ளாட்சி, வீட்டுவசதி, போக்குவரத்து, பேரிடர் மேலாண்மை போன்றவை விருப்பப் பாடங்களாகச் சேரும். இவற்றுள் நிதிப் பாடத்தையும் புள்ளியியலையும் முடிந்தவரை ஆழமாகப் படியுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். மாணவர்கள் அதிகம் அஞ்சுவதும் பிற்காலத்தில் அதிகம் பயன்படுத்துவதும் இவ்விரண்டையே.

பட்ஜெட் என்பது வரவும் செலவும் எழுதிய பட்டியல் என்று எண்ணிக்கொண்டுதான் பலரும் வகுப்புக்கு வருகிறார்கள். ஒரு நூலகக் கட்டடத்தை மானியத் தொகையில் கட்டி முடிப்பது மூலதனச் செலவு. அதன் பிறகு அந்தக் கட்டடம் இருக்கும் காலமெல்லாம் நூலகருக்குச் சம்பளமும் மின்கட்டணமும் கூரை பழுதுபார்ப்பும் நகரத்தின் சொந்த வருவாயிலிருந்து வந்தாக வேண்டும். மானியம் தருபவர் திறப்பு விழாவோடு போய்விடுவார். நடைமுறைச் செலவு போகாது. பூட்டிக் கிடக்கும் பல பொதுக் கட்டடங்களுக்குப் பின்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தவறியது காரணமாக இருக்கும். ஒரு செயலுக்கு எவ்வளவு பணத்தை ஒதுக்குவது, ஏன் இதற்கு அதிகம், அதற்குக் குறைவு என்ற கேள்விக்குச் சரியான கோட்பாடு இல்லை என்று அமெரிக்க அரசியல் அறிஞர் வி. ஓ. கீ 1940-இல் எழுதினார். இன்றும் அந்தக் குறை முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989 முதல் மூலதனச் செலவின் ஒரு பகுதியைக் குடியிருப்போர் கூட்டங்களே முடிவு செய்யும்படி மாற்றியது, அந்தக் கேள்விக்கு வேறொரு வழியில் தேடப்பட்ட விடை. நல்ல ஆசிரியர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து, உங்கள் நகரத்தின் பட்ஜெட் ஆவணத்தையே கையில் கொடுத்துப் பேச வைப்பார்.

புள்ளியியலின் தேவைக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒரு நகரத்தில் சென்ற ஆண்டு அதிக விபத்து நடந்த சந்திப்புகளைத் தேர்ந்தெடுத்து அங்கே வேகத்தடை போடுகிறார்கள். இந்த ஆண்டு அங்கே விபத்துகள் குறைந்திருக்கின்றன. திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதப்படுகிறது. ஆனால் தற்செயலாக ஓர் ஆண்டில் மிக அதிகமாக இருந்த எண்ணிக்கை, எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு வழக்கமான அளவை நோக்கித் திரும்பும். வேகத்தடை உண்மையில் எவ்வளவு உதவியது என்று அறிய, அதே போன்ற, ஆனால் வேகத்தடை போடாத சந்திப்புகளோடு ஒப்பிட வேண்டும். புகார் எண்ணிக்கையும் அப்படித்தான்: அதிகப் புகார் வரும் பகுதியில் சேவை மோசமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது, புகார் செய்யத் தெரிந்தவர்களும் செய்தால் பலன் கிடைக்கும் என்று நம்புகிறவர்களும் அங்கே அதிகமாக இருக்கலாம். வாயைத் திறக்காத பகுதியே மிகவும் புறக்கணிக்கப்பட்டதாக இருக்கக்கூடும். இந்த ஐயம் எழாத நிர்வாகி, கையிலுள்ள ஆட்களையும் பணத்தையும் தவறான இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்.

பணியாளர் மேலாண்மைப் பாடத்தில் நீங்கள் ஏற்கனவே அறிந்தது நிறைய இருக்கும். நிர்வாகச் சட்டத்தில் விருப்புரிமையை, அதாவது தாமே முடிவெடுக்கச் சட்டம் தரும் உரிமையை, பயன்படுத்தும் அலுவலர் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற அடிப்படைகளைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அந்தந்த நாட்டுச் சட்டத்தின் விவரங்களே.

நெறிமுறைப் பாடத்தைப் பலர் சம்பிரதாயமாகக் கருதுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். 1940, 1941 ஆண்டுகளில் அரசியல் அறிஞர்களான கார்ல் ஃபிரெட்ரிக்கும் ஹெர்மன் ஃபைனரும் நடத்திய விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நவீன அரசின் வேலைகள் மிகவும் நுட்பமானவை, ஆகவே அலுவலரின் தொழில் அறிவும் அவர் மனத்தில் இருக்கும் பொறுப்புணர்வுமே உண்மையான கட்டுப்பாடு என்றார் ஃபிரெட்ரிக். மனச்சாட்சியை நம்பி ஆட்சியை ஒப்படைக்க முடியாது, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் வெளியிலிருந்து திருத்தவும் தண்டிக்கவும் கூடிய நிலையே பொறுப்புடைமை என்றார் ஃபைனர். மேலிடத்து உத்தரவு சட்டப்படி சரியாகவும் மனத்துக்குத் தவறாகவும் படும் ஒரு நாளைச் சந்தித்த எந்த அலுவலருக்கும் இது ஏட்டுச் சண்டையாகத் தோன்றாது. அனுபவம் உள்ளவர்கள் நிறைந்த வகுப்பில் இந்த விவாதம் கேட்கத்தக்கது.

இதனோடு சேர்த்து அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் எழுதியதையும் படிக்க வேண்டும். ஆசிரியர், காவலர், நலத்திட்ட அலுவலர் என மக்களை நேரில் சந்திக்கும் கடைசிப் படியில் இருப்பவர்கள், நேரமும் வளமும் போதாத நிலையில் யாருக்கு முதலில், யாரைக் காத்திருக்கச் சொல்வது, எந்த விதியைத் தளர்த்துவது என்று எடுக்கும் சிறு முடிவுகளின் தொகுப்பே மக்களைப் பொறுத்தவரை அரசின் கொள்கை என்பது அவருடைய வாதம். 1968-இல் நிர்வாகவியல் அறிஞர் ட்வைட் வால்டோ முன்முயற்சியில் நியூயார்க் மாநிலத்தின் மின்னோபுரூக் மாநாட்டு மையத்தில் கூடிய இளம் அறிஞர்கள், சிக்கனமும் திறமையும் மட்டும் போதாது, சேவை யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்று நிர்வாகவியல் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். அமெரிக்க நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த காலத்தில் எழுந்த குரல் அது.

பக்கத்துப் படிப்புகளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுக் கொள்கைப் பட்டம் எந்த முடிவை எடுப்பது என்ற பகுப்பாய்வில், குறிப்பாகப் பொருளியலில், அதிகம் சாய்கிறது. பொது நிர்வாகம் எடுத்த முடிவை நிறைவேற்றும் அமைப்பில் சாய்கிறது. நகரத் திட்டமிடல் நிலப் பயன்பாட்டிலும் கட்டமைப்பிலும் நிற்கிறது. நடைமுறையில் பாடங்கள் கலந்தே இருப்பதால் பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள். வணிக நிர்வாகப் பட்டத்தோடு ஒப்பிடுவோருக்கு ஒன்று சொல்வேன்: வணிகர் தமக்கு வேண்டிய வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கலாம், நட்டம் தரும் கிளையை மூடலாம், நகர நிர்வாகி குடிநீர்க் கட்டணம் கட்ட முடியாதவரையும் தம் பொறுப்பிலிருந்து நீக்கிவிட முடியாது. அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பாடங்கள் பிரிந்துபோகின்றன.

இப்போது தேர்வுக்கு வருவோம். ஒரு நகரப் பல்கலைக்கழகம் தன் நகரத்தோடு உண்மையில் உறவு வைத்திருக்கிறதா என்று அறியச் சில தடயங்கள் உண்டு. பணியில் இருக்கும் நிதி அலுவலரோ சுகாதார அலுவலரோ முழுப் பாடமொன்றை நடத்துகிறாரா, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை வந்து உரையாற்றிவிட்டுப் போகிறாரா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவர்கள் மட்டுமே பாடம் நடத்துவதும் நல்லதல்ல, ஏனென்றால் தம் அலுவலகத்தில் நடந்ததே உலகம் என்று எண்ணும் பழக்கத்திலிருந்து வெளியே இழுக்க ஆய்வாளர்கள் வேண்டும். ஆசிரியர்களின் அண்மைக்கால ஆய்வுகளில் எத்தனை அந்த நகரத்தைப் பற்றியவை என்று பாருங்கள். வகுப்புகள் மாலையில் நடக்கின்றனவா என்பது வெறும் வசதி பற்றிய கேள்வி அல்ல. மாலை வகுப்பு இருந்தால்தான் வேலையில் இருப்பவர்கள் உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்வார்கள், அவர்களிடமிருந்து கற்பது ஆசிரியரிடம் கற்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

தரச்சான்றையும் பார்க்கலாம். 1970-இல் அமெரிக்காவில் தோன்றிய நாஸ்பா என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு, இப்போது பிற நாடுகளின் படிப்புகளையும் மதிப்பிட்டுச் சான்றளிக்கிறது. பொதுநலனுக்காக நிர்வகித்தல், கொள்கை உருவாக்கத்தில் பங்கேற்றல், பகுத்தாராய்ந்து முடிவெடுத்தல், பொதுச்சேவைக் கண்ணோட்டம், பலதரப்பட்ட மக்களோடும் பணியாளர்களோடும் உரையாடுதல் ஆகிய ஐந்து திறன்களை மாணவர்கள் பெறுகிறார்களா என்று அது பார்க்கிறது. சான்று இருப்பது குறைந்தபட்சத் தரத்துக்கு உறுதி; அதற்கு மேல் அதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம்.

உங்களுக்கு ஏற்கனவே பணி அனுபவம் இருப்பது பெரிய அனுகூலம். இளநிலைப் பட்டம் முடித்தவுடன் இதில் சேருபவர்களுக்கு, ஓக்லண்டின் 70 ஒப்புதல்கள் ஒரு தேர்வுக் கேள்வியாக மட்டுமே தெரியும் என்பது என் எண்ணம். அவர்கள் இரண்டு ஆண்டுகளாவது வேலை பார்த்துவிட்டு வருவது நல்லது. முழுநேரமா, பகுதிநேரமா என்றால், வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிப்பதையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன், படிப்பு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு நீண்டாலும் சரி. செவ்வாய்க்கிழமை படித்ததைப் புதன்கிழமை அலுவலகத்தில் சோதித்துப் பார்க்கலாம், அலுவலகத்தில் முட்டிக்கொண்ட சிக்கலை வகுப்புக்குக் கொண்டு போகலாம். ஆனால் முற்றிலும் வேறொரு துறைக்கோ பன்னாட்டு அமைப்புக்கோ மாற நினைக்கிறீர்கள் என்றால் முழுநேரப் படிப்பே பொருத்தம். அப்போது உங்களுக்குத் தேவை புதிய பயிற்சிப் பணியும் புதிய தொடர்புகளும், அவற்றுக்கு நேரம் வேண்டும்.

பட்டம் பெற்றவுடன் பதவி உயர்வு கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்போடு மட்டும் சேர வேண்டாம். பல அரசுகளில் உயர் பதவிகளுக்கு வழி போட்டித் தேர்வும் பணி மூப்பும்தான். பட்டம் அங்கே கூடுதல் தகுதியாகவே கருதப்படும். உங்கள் பணி விதிகளில் இந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது, கட்டணத்தில் ஒரு பகுதியை அலுவலகம் ஏற்குமா, படிப்பு விடுப்பு உண்டா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இறுதி ஆண்டுத் திட்டப்பணியைப் பற்றி. பல இடங்களில் ஆய்வேட்டுக்குப் பதிலாக, நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஓர் அரசு அலுவலகத்துக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ ஒரு பருவம் முழுதும் உழைத்து, அவர்கள் முன்வைத்த சிக்கலுக்கு அறிக்கை தர வேண்டும். படிப்பின் உண்மையான தரம் இங்கேதான் வெளிப்படும். தேர்ந்தெடுக்கும் முன் அந்தத் துறைக்கு எழுதி, சென்ற ஆண்டின் இரண்டு மூன்று அறிக்கைகளைப் படிக்கக் கேளுங்கள். அவற்றில் அந்த அலுவலகத்தின் சொந்தப் பதிவேடுகள் பயன்படுத்தப்பட்டிருக்கின்றனவா, பரிந்துரைக்கு எவ்வளவு செலவாகும், யார் செய்ய வேண்டும், எத்தனை ஒப்புதல்கள் தேவை என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, அந்தப் பரிந்துரைகளில் எதையாவது அலுவலகம் நடைமுறைப்படுத்தியதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். நடைமுறைப்படுத்திய ஒன்றையும், நடைமுறைப்படுத்தாத ஒன்று ஏன் நின்றுபோனது என்பதையும் அவரால் விவரமாகச் சொல்ல முடிகிற இடத்தில் விண்ணப்பியுங்கள்.